கோபன்ஹேகன் நகரில் கண்டது

ஐக்கிய சங்க அங்கத்தினர்களே,

டென்மார்க்கு தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி ஜனங்கள் சைக்கிளில் செல்கின்றனர். கடற்கரையில் நின்று நோக்கினால், கடலின் நடுவே 20 காற்றாலைகள் வரிசையாகச் சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்வதைக் காணலாம். 2000-ம் வருஷத்தில் இவற்றை நிறுவியபோது, 10 காற்றாலைகள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தாயின. 8,000-க்கு மேற்பட்டோர் பங்கு வாங்கினர். பங்கு ஒன்றாயினும் பலவாயினும் அங்கத்தினருக்கு வோட்டு ஒன்றே.

இம்முறை அத்தேசத்துக்குப் புதிதன்று. 1882-ல் குடியானவர்கள் முதல் ஐக்கியப் பால்பண்ணையைத் தொடங்கினர். அதன்பின் பெருகிய பால்பண்ணைச் சங்கங்களில் மாடுகளை எண்ணி வோட்டு அளிக்கவில்லை. ஆட்களை எண்ணியே அளித்தனர்.

நமக்கும் அவ்வுரிமை உண்டு. “என் சொல் எடுபடுமா?” என்று மகாசபைக்கு வாராதிருப்பவர், தம் சங்கத்தைப் பிறர் கையில் ஒப்புவித்தவராவார். அடுத்த மகாசபைக்குத் தவறாது வருவீர்களாக.