இரண்டு கையெழுத்து உதவித்தொகை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் உட்கார்ந்து "எப்போ முடியும்?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்புத் தம்பி தங்கையரே!

நானும் அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்தவள்தான். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவது எப்படி?" அந்த 'எப்படி'யை அறிவிப்பைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். அறிவிப்பில் இல்லாத சிலவற்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எனக்குக் கிடைத்தது பாதியை அரசும் பாதியை ஒரு கம்பெனியும் தருகிற உதவித்தொகை. பிரதமரின் முனைவர் பட்ட ஆராய்ச்சி ஊக்கத்தொகை என்று பெயர். அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்திய திட்டம். ஆண்டுக்கு அதிகபட்சம் 100 பேர். மற்றவர்கள் வாங்கும் ஆராய்ச்சி உதவித்தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைக்கும். 2014 அக்டோபரில்தான் அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 16,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக உயர்ந்தது. அதற்குச் சமமான தொகையைக் கம்பெனியும் போட வேண்டும் என்றால், எங்கள் வீட்டில் அது எப்படிப்பட்ட பணம் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் சாயத் தண்ணீர், ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர், கிணறுகளில் உப்பு. விவசாயிகளின் வழக்கில் நியாயம் இருந்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் என் அப்பா சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டியவர். நான் இங்கே எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. மாதக்கணக்கில் அப்பாவுக்கு வேலை இல்லை. அந்தப் பருவத்துக்குக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் அலுவலக ஜன்னல் முன்னால் நின்றேன். "உன்னுது கட்டியாச்சும்மா, போ" என்றார்கள். யார் கட்டியது என்று கேட்டதற்கு, "முன்னாள் மாணவர் சங்கம்" என்றார்கள். யாரென்று இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது. இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்களோ என்னவோ.

2013-ல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். சாயக் கழிவிலிருந்து நிறத்தை நீக்குவது என்பதுதான் என் தலைப்பு. இந்த ஊக்கத்தொகைக்குப் பதிவு செய்த இத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்பு இருந்தது. கம்பெனியை நாம்தான் பிடிக்க வேண்டும். 11 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றும் மூன்று பக்கம். என் ஆய்வேட்டுச் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தேன். எத்தனை பதில் வந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

அப்பாதான் சொன்னார்: "கடுதாசி போட்டா யாரு படிப்பாங்க? நேர்ல போ. கேட்டுல நில்லு." அவரே தன் பழைய பட்டறையின் மேலாளரிடம் கூட்டிப்போனார். மேலாளர் என் மூன்று பக்கத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. "நெறம் எடுக்கறது எங்களுக்குத் தெரியும் அம்மிணி. வா, ஒண்ணு காட்டறேன்" என்று பின்பக்கம் கூட்டிப்போனார். தகரக் கொட்டகை. உள்ளே கூரை வரைக்கும் மூட்டை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாக உப்பு.

விஷயம் இதுதான். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்பத் திறந்தன. தண்ணீரைச் சவ்வு வழியாகப் பிரித்து மறுபடி சாயத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு வரும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குக் கொட்டிய கிளாபர் உப்பும், சாப்பாட்டு உப்பும் கலந்த கலவை. அதை விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. "தண்ணிப் பிரச்சினையைத் தீர்த்தோம், இப்ப உப்பு மேல படுத்திருக்கோம்" என்றார் மேலாளர்.

இரண்டு உப்பையும் பிரிக்க வழி இல்லாமல் இல்லை. 100 மில்லி தண்ணீரில், 32 டிகிரி வெப்பத்தில், சோடியம் சல்ஃபேட் ஏறக்குறைய 50 கிராம் கரையும். பூஜ்யம் டிகிரிக்குக் குளிர்வித்தால் 5 கிராம்தான் கரையும். சாப்பாட்டு உப்போ இரண்டு வெப்பத்திலும் ஏறக்குறைய 36 கிராம்தான். ஆகவே குளிர்வித்தால் கிளாபர் உப்பு படிகமாக அடியில் இறங்கிவிடும். இளங்கலை மாணவருக்கே தெரிந்த பாடம். ஆனால் அந்த உப்போடு ஒட்டிவரும் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு? திரும்பத் திரும்ப அதே உப்பைப் பயன்படுத்தினால் எத்தனையாவது சுற்றில், எந்தச் சாயத்தில் ஷேடு கெடும்? அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையில்தான் என் ஆராய்ச்சித் தலைப்பு மாறியது.

தம்பி தங்கையரே, இதைத்தான் முதலாவதாகச் சொல்ல வந்தேன். நம்மிடம் இருக்கும் விடையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகக் கூடாது. அவர்கள் கொட்டகையில் என்ன கேள்வி கிடக்கிறது என்று பார்க்கப் போக வேண்டும்.

ஆனால் கம்பெனியின் கேள்வி மட்டும் போதாது. என் நெறியாளர் கேட்டார்: "இது ஆராய்ச்சியா, கன்சல்டன்சியா?" நேர்காணலிலும் அதே கேள்விதான், வேறு உருவத்தில்: "இது அந்தப் பட்டறையின் பிரச்சினை. இதில் அறிவியல் எங்கே?" முதலில் தடுமாறினேன். பிறகு சொன்னேன்: "கடினத்தன்மை இருந்தால் சாயம் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும் சார். எந்த அளவில், எந்தச் சாய மூலக்கூறு, ஏன் கெடுகிறது என்பது தெரிந்தால் இந்தப் பட்டறைக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கும் பயன்படும்." தலையாட்டினார்கள். இரண்டு பேர் பணம் தருகிறார்கள் என்றால் இரண்டு பேரும் கேள்வி கேட்பார்கள். பேராசிரியருக்கு 'ஏன்' வேண்டும், மேலாளருக்கு 'எவ்வளவு' வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆய்வில் இடமிருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும். ஆகவே சுருக்கத்தை இரண்டு விதமாக எழுதுங்கள். தேர்வுக் குழுவுக்கு ஒன்று, காசோலையில் கையெழுத்துப் போடுபவருக்கு ஒரே பக்கத்தில் ஒன்று.

இரண்டாவது, ஒப்பந்தம். இதில்தான் பலபேர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். கம்பெனி முதலில் கொடுத்த வரைவில் ஒரு வரி இருந்தது: கம்பெனியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. எனக்கோ எப்படியாவது பணம் வந்தால் சரி என்ற நிலை. "போட்டுடறேன் சார்" என்றேன். நெறியாளர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். மிகையில்லை, நிஜமாகவே பிடுங்கினார். "நாளைக்கு ஆய்வேட்டை எங்கே வைப்பாய்? பெட்டியிலா?" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. நம் நாட்டில் முனைவர் பட்ட ஆய்வேடு 'ஷோத்கங்கா' தொகுப்பில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கம்பெனிக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டுவிட்டால், முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. ஆகவே கம்பெனிக்குத் தேவை கொஞ்சம் காலம்தான், வாய்ப்பூட்டு அல்ல. நாலு வாரம் பேசி அந்த வரியை மாற்றினோம்: "வெளியிடும் முன் கம்பெனிக்குக் காட்ட வேண்டும். 90 நாள் வரை நிறுத்திவைக்கக் கோரலாம். அதற்கு மேல் தடுக்க முடியாது." கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கையெழுத்தானது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஒரு வரி பின்னால் என்னைக் காப்பாற்றியது. 2017-ல் முடிவுகள் வந்தன. சில ஷேடுகளுக்கு மீட்ட உப்பு புது உப்பு மாதிரியே வேலை செய்தது. ஆனால் டர்க்காய்ஸ் போன்ற சில சாயங்களில், சில சுற்றுக்குப் பிறகு துணியில் திட்டுத் திட்டாக விழுந்தது. மேலாளர் முகம் மாறிவிட்டது. "நல்லதை எழுது அம்மிணி. இதை விட்டுடு. வெளிநாட்டு பையர் இதைப் படிச்சா எங்க துணியை யாரு எடுப்பாங்க?"

அவர் கெட்டவர் அல்ல. எனக்குக் கேட்டைத் திறந்தவரே அவர்தான். அந்த நேரம் அவருக்கும் கஷ்டம். பணமதிப்பு நீக்கம், அடுத்து ஜி.எஸ்.டி., ஆர்டர் குறைவு. கம்பெனியின் பங்கு எனக்கு ஏழு மாதம் வரவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஒரு வார்த்தை "சரி" என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பணம் சீக்கிரம் வந்திருக்கலாம். மூன்று இரவு தூங்கவில்லை. கடைசியில் அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "தப்பான ஷேடைச் சரின்னு பாஸ் பண்ணின லாட்டு, எங்க போனாலும் திரும்பி வந்துரும் கண்ணு" என்றார்.

90 நாள் பொறுத்திருந்தேன். கம்பெனியின் பெயர் இல்லாமல், திட்டு விழுந்ததையும் சேர்த்தே வெளியிட்டேன். பாக்கிப் பணம் தாமதமாக வந்தது, ஆனால் முழுசாக வந்தது. 2019-ல் வாய்மொழித் தேர்வுக்கு மேலாளரை அழைத்தேன், வரவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. 2021-ல் ஒருநாள் காலையில் போன்: "அம்மிணி, அந்தக் கடினத்தன்மை அட்டவணை உன் புஸ்தகத்துல எத்தனாம் பக்கம்?" வேறு ஒன்றும் பேசவில்லை. பக்கத்தைச் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வசதியாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். வெளியிட எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? காப்புரிமை யாருக்கு, அதில் உங்கள் பெயர் கண்டுபிடிப்பாளராக இருக்குமா? சோதனைக் குறிப்பேடு யாரிடம் இருக்கும்? கம்பெனி நடுவில் விலகினால் உங்கள் மீதி ஆண்டுகள் என்னாகும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். நானும் கேட்கவில்லை. அதனால்தான் வளையல் போனது.

நான் விண்ணப்பித்த வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் சேர்ந்துவிட்டது. அரசின் இளநிலை உதவித்தொகையும் 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். ஆகவே என் காலத்து விதியை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். தொகை மாறும், விதி மாறும், கொட்டகை மட்டும் மாறாது.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் ஆலை வைத்திருக்கிறீர்கள், ஆலையில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் இருக்கிறீர்கள். சங்கம் அன்றைக்கு என் கட்டணத்தைக் கட்டியது. அது பெரிய உதவி. இன்றைக்குப் பணத்தைவிட அரிதானது, திறந்த கேட். வருஷத்துக்கு ஒரு மாணவரை உள்ளே விட்டு, நீங்கள் யாருக்கும் காட்டாத அந்தக் கொட்டகையைக் காட்டுங்கள். அதில் விரும்பாத பதில் வந்தாலும் அந்தப் பிள்ளையை எழுத விடுங்கள். என்றாவது ஒருநாள் பக்க எண் கேட்டு நீங்களே போன் செய்வீர்கள்.

பெயர் தெரியாமல் என் பருவக் கட்டணத்தைக் கட்டிய அந்த நல்ல உள்ளத்துக்கு நன்றி.