காலி இருக்கைகளும் கைதட்டல்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நாலு இன்ஜினியர்கள் கூடினால் வேலையைப் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு மாறுதலுக்கு, அமெரிக்காவின் பேஸ்பால் பற்றிப் பேசுகிறேன். விதிகள் எல்லாம் தெரிய வேண்டாம். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி அங்கே ‘ஹோம் ரன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

1927-இல் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். 34 ஆண்டுகள் யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. 1961 அக்டோபர் 1 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ரோஜர் மாரிஸ் 61-ஆவதை அடித்தார். பார்க்க வந்தவர்கள் 23,154 பேர்தான். மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகள் காலி! ஏன் தெரியுமா? ரூத் காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டம், 1961-இல் 162. எனவே 154 ஆட்டங்களுக்குள் அடித்தால்தான் ரூத்தை முந்தியதாகக் கணக்கு என்று ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் முன்பே சொல்லிவிட்டார். அதே அணியின் செல்லப்பிள்ளை மிக்கி மேன்டில்தான் அதை முறியடிக்க வேண்டும் என்று ரசிகர்கள் பலருக்கும் ஆசை வேறு. சாதனை முழுக்க மாரிஸுடையதுதான் என்று 1991-இல் ஒரு குழு முடிவு செய்தது. ஆனால் அவர் 1985-லேயே காலமாகிவிட்டார்.

அடுத்தது ஹாங்க் ஆரன். ரூத்தின் வாழ்நாள் கணக்கு 714. ஒரு கறுப்பர் அதை நெருங்குவதைப் பொறுக்காதவர்கள் வசைக் கடிதங்கள், கொலை மிரட்டல்கள் என்று எழுதித் தள்ளினார்கள். 1973 செப்டம்பர் 17 அன்று அட்லாண்டாவில், தன் சொந்த மைதானத்தில், அவர் 711-ஆவதை அடித்தார். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் அன்று இருந்தவர்கள் 1,362 பேர்! ஏழு மாதம் கழித்து, 1974 ஏப்ரல் 8 அன்று, அதே இடத்தில் 715. அன்று வந்தவர்கள் 53,775 பேர். பாருங்க, அதே மனிதர், அதே மட்டை. கூட்டம் மட்டும் நாற்பது மடங்கு!

மூன்றாவது நபர் கால் ரிப்கன். இவர் சாதனை ரொம்பச் சாதாரணம். ஒரு நாள்கூட லீவு போடாமல் ஆடினார், அவ்வளவுதான்! 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று பால்டிமோரில், லூ கெரிக்கின் 2,130-ஐத் தாண்டி, தொடர்ந்து 2,131-ஆவது ஆட்டம் ஆடினார். 46,272 பேர் ஆட்டத்தை நிறுத்தி 22 நிமிடம் கைதட்டினார்கள். ரிப்கன் மைதானத்தைச் சுற்றி ஓடி ரசிகர்களுடன் கை குலுக்கினார்.

2007-இல் பாரி பாண்ட்ஸ் 756 அடித்து ஆரனைத் தாண்டியபோது சான் பிரான்சிஸ்கோ கொண்டாடியது. ஊக்கமருந்துச் சந்தேகத்தால் மற்ற ஊர்களில் ‘பூ’ என்று கத்தினார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பந்து எவ்வளவு தூரம் போனது என்று அளந்துவிடலாம். கைதட்டலை அளந்தால் தட்டுகிறவர்களின் மனசுதான் தெரியும்.

தம்பி தங்கையரே, 715 வர வேண்டுமானால் நடுவில் 711 இருந்தே தீரும். நீங்கள் செய்யப்போகும் வேலையில் பெரும்பகுதி அந்த 1,362 பேர் முன்னால்தான் நடக்கும். சில நாள் அவர்கள்கூட வரமாட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இப்போது காலரியிலும் உட்கார்ந்திருக்கிறோம். நம் கீழே வேலை செய்யும் ஒரு பையன் தன் 61-ஆவதை அடிக்கும்போது, விதிமுறையைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். மாரிஸுக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேண்டாம். எழுந்து நின்று தட்டுவோம், அவர் காதில் விழும்போதே தட்டுவோம்.