கரையும் ஊசியும் பாவுக் கஞ்சியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஊசி போட்டுக்கொள்பவருக்கு வலி ஒரு நொடி. அதே ஊசியைக் குப்பையிலிருந்து அள்ளுபவருக்கோ ஆபத்து அதன் பின்னரே தொடங்குகிறது. கையுறையைத் துளைக்கும் முனை வழியே கல்லீரலைக் கெடுக்கும் பி வகைக் கிருமி உடலில் புகலாம். மருத்துவமனைக் கழிவை அள்ளும் வேலை யார் தலையில் சுமத்தப்பட்டுள்ளது என்பதை இம்மன்றத்தில் நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆகவேதான், தோலுக்குள் கரைந்து மறையும் ஊசியைப் பற்றிப் பேச முன்வந்தோம்.

இது ஒரு சிறு பட்டை. அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள நுண்ணூசிகள் நிற்கும். தோலின் புறப்படலம் 10 முதல் 20 மைக்ரான் தடிப்பே உடையது. அதைக் கடந்தால் போதும். அங்கே, 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த உயிரணுக்கள் காவல் நிற்கின்றன.

அவ்வூசியை எப்பொருளால் செய்வது? கோவை ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியேற்றும் பிரிவில் உழைத்தோர் நம்மில் பலர். மரவள்ளி மாவு, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிவினைல் ஆல்கஹால் ஆகியவை அவர்கள் கை பழகிய சரக்குகள். தறியில் நூல் அறாதபடி காய்ந்து உறுதி தரவேண்டும். பின்னர் அலசும்போது நீங்கவும் வேண்டும். இவற்றுள் பின்னிரண்டும் நுண்ணூசிக்கு ஆராயப்படும் பலபடிப் பொருள்களே. ஆனால் ஆலைச் சரக்கை மருந்தாக எண்ணிவிடலாகாது. தூய்மையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

2010இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் பாலிவினைல் பைரோலிடோனால் ஊசி வார்த்து, சுண்டெலிகளுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்புமருந்து செலுத்திக் காட்டினர். அப்பொருள் விரைந்து கரையும்; எனினும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஐப்பசி மழையில் நம் ஊர் அப்பளம் படும் பாடுதான்! இன்னொரு சிக்கலும் உண்டு. இதன் சங்கிலி மிக நீண்டால் சிறுநீரகம் வெளியேற்ற இயலாது, உடலிலேயே தங்கிவிடும். மிகக் குறுகினாலோ ஊசி எளிதில் நொறுங்கும். ஹயலூரானிக் அமிலம் நம் தோலிலேயே உள்ளது, விலைதான் கூடுதல். தட்டம்மைத் தடுப்புமருந்தோ உயிருள்ள கிருமி. சூடேற்றி உருக்கினால் மாண்டுபோகும். எனவே நீரில் கரைத்து அச்சில் ஊற்றி மெல்ல உலர்த்துவர். துணைக்குச் சர்க்கரையும் சேர்ப்பர்; உலர்கையில் கிருமியைக் காப்பது அதுவே.

காம்பியா நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்புமருந்துப் பட்டையை 45 பெரியோருக்கும் 240 குழந்தைகளுக்கும் நடந்த ஆய்வில் சோதித்தனர். முடிவு 2024இல் வெளிவந்தது. மணிக்கட்டில் ஒருமுறை ஒட்டியதிலேயே கைக்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தட்டம்மை எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. ஆயினும் பெரிய அளவுச் சோதனைகள் இன்னும் தேவை.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் தடுப்புமருந்துத் துறையில் உள்ளது. கோவையில் 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ ஜவுளியையும் ஆராய்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணத் தொலைவே. நம் பிள்ளைகள் அங்கெல்லாம் ஆய்வாளராக நுழையவேண்டும் என்பதே நம் ஆசை.

வரும் ஞாயிறு மாலை வகுப்பில் மரவள்ளிக் கஞ்சியையும் சர்க்கரையையும் சிறு அச்சுகளில் வார்த்து உலர்த்தி, எது உடைகிறது, எது முதலில் கரைகிறது என்று பார்க்க இருக்கிறோம். வேதியியல் பயிலும் மாணவ மாணவியர் தவறாது வருக. கஞ்சித் தொட்டியருகே நின்று பழகிய பெரியவர்களும் உடன் வரவேண்டுகிறோம்; பதம் சொல்ல அவர்களே வல்லவர்கள்.