தாப்பாவில் பிறந்த ஓட்டக்காரி



காம்பாரிலிருந்து தெற்கே காரில் போனால் அரைமணி நேரத்தில் தாப்பா. அங்கே பிறந்தவர் எம். ராஜாமணி. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். அதே ஆண்டு மலேசியா முதன்முறையாகச் சிறந்த வீரர், சிறந்த வீராங்கனை விருதுகளைக் கொடுத்தது. இரண்டுமே நம் பேராக்கில் பிறந்தவர்களுக்குத்தான்! வீராங்கனை ராஜாமணி; வீரர் கோலக்கங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன். 16 வயதில் ரோம் ஒலிம்பிக், பிறகு டாக்டர். "விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்" என்று பேசும் அப்பாக்கள் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்று நான் பேச வந்தது நம் பெண்பிள்ளைகளைப் பற்றி.

ஆறாம் ஆண்டுவரை குறுக்கோட்டத்தில் முதலாவதாக வந்தவள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் திடலில் இருப்பதில்லை. எங்கே போனாள்? டியூஷன், கைப்பேசி. இவற்றுக்கும் முன்னால், "வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன ஓட்டம்?" என்ற நம் வீட்டுக் குரல். இது இங்கே மட்டுமில்லை. 2019இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 146 நாடுகளைப் பார்த்தது. 11 முதல் 17 வயதுவரை, ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காட்டினருக்கும் பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்கும் உடலசைவு போதவில்லை.

அந்த நிறுவனம் கேட்பது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்; மூச்சு கொஞ்சமாவது வாங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது எலும்பும் தசையும் உறுதிப்பட ஓட்டம், தாண்டல் ஏதாவது. பதக்கம் யார் கேட்டார்கள்? பூப்பந்து ஆடட்டும், கபடி ஆடட்டும், சைக்கிளில் போகட்டும்.

நாம் தோட்டத்தில் குடியிருந்தபோது இதையெல்லாம் யாரும் எண்ணவில்லை. லயத்துக்கு எதிரே திடல், பள்ளிக்கு நடை. அந்த வாழ்க்கையின் வறுமையை நான் மெச்சவில்லை. தாமான் குடியிருப்புக்கு வந்தபோது வறுமையோடு திடலையும் விட்டுவிட்டோமே, அதைத்தான் சொல்கிறேன்.

"தனியாக எப்படி அனுப்புவது?" என்கிறீர்கள். நியாயமான பயம். அதனால் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை, பள்ளித் திடலின் கதவைத் திறந்துவைக்கப் பெற்றோர் சங்கம் ஏற்பாடு செய்யட்டும். பிள்ளைகள் விளையாடும்போது தாய்மார்கள் திடலைச் சுற்றி நடங்கள். காவலும் ஆச்சு, உங்களுக்கு நடையும் ஆச்சு. மழை வந்தால் மண்டபம் இருக்கிறது.

பெயர் எழுத நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் வரும் அம்மா யார்? கையைத் தூக்குங்கள்!