சல்ஃபைடு தெருவில் ஒரு காலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலை வாய்ப்பு பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு ரயில் பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன். சரியாகச் சொன்னால், அந்த ரயில் சில மணி நேரம் நின்ற ஓர் ஊரைப் பற்றி.

அலுவலக வேலையாக ஆஸ்திரேலியா போனபோது, வேலை முடிந்து சிட்னியிலிருந்து பெர்த்துக்கு 'இந்தியன் பசிபிக்' ரயிலில் போனேன். 4,352 கிலோமீட்டர், மூன்று இரவு. விமானத்தில் ஐந்து மணி நேரம்தான், டிக்கெட்டும் மலிவு. "உனக்குப் பைத்தியமா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு ரயில் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

சிட்னியில் ஏறிய மறுநாள் காலை, 1,100 கிலோமீட்டர் தாண்டி, புரோக்கன் ஹில். சுற்றிலும் செம்மண், முழங்கால் உயரப் புதர், அதற்கு மேல் வானம். வருஷத்துக்குச் சுமார் 250 மில்லிமீட்டர்தான் மழை. அந்தப் பொட்டலில் ஒரு முழு நகரம்! தெருப் பெயர்களைக் கேளுங்கள்: ஆக்சைடு தெரு, குளோரைடு தெரு, சல்ஃபைடு தெரு, கோபால்ட் தெரு. நம் கெமிஸ்ட்ரி லேப் அலமாரியைத் தெருவில் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஊர் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். ஆனால் கடிகாரம் ஓடுவது சவுத் ஆஸ்திரேலியாவின் நேரப்படி, சிட்னிக்கு அரை மணி பின்னால். காரணம் ரயில்தான். ஊருக்கு முதலில் தண்டவாளம் வந்தது அடிலெய்டு பக்கத்திலிருந்து. பக்கத்து மாநில ரயில்வே தன் எல்லைக்குள் வர நியூ சவுத் வேல்ஸ் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு தனியார் கம்பெனி எல்லை வரை 57 கிலோமீட்டர் பாதை போட்டு, அதற்கு 'டிராம்வே' என்று பெயர் வைத்து, 1888-ல் ஓட்டியது. அது 3 அடி 6 அங்குலப் பாதை. சிட்னி பக்கத்திலிருந்து 1927-ல்தான் தண்டவாளம் வந்து சேர்ந்தது, அது 4 அடி 8½ அங்குலம். ஒரே ஊரில் இரண்டு கேஜ், இரண்டு ஸ்டேஷன். மீட்டர் கேஜில் வந்து இறங்கி, மூட்டையோடு பிராட் கேஜுக்கு ஓடிய நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பெட்டி மாறாமல் சிட்னியிலிருந்து பெர்த் போக 1970 வரை காத்திருந்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1883-ல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப் பண்ணைக் காவலாளி, அங்கிருந்த கருப்புப் பாறை வெள்ளீயமாக இருக்கும் என்று நினைத்து இடத்தை வளைத்துப் போட்டார். கிடைத்ததோ வெள்ளி, ஈயம், துத்தநாகம். இன்று உலகம் அறிந்த பி.எச்.பி. கம்பெனியின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தும் இந்த ஊர்தான். 1885-ல் தொடங்கி 1939-ல் அந்தக் கம்பெனி ஊரை விட்டே போய்விட்டது. அது தனிக் கதை.

மேலே இருந்த தாது எளிதில் உருகியது. ஆழம் போகப் போக சல்ஃபைடு தாது வந்தது. அதில் ஈயம் கனமானது, தண்ணீரில் அலசிப் பிரித்துவிடலாம். துத்தநாகத் தாதுவும் அங்கே கூடவே வரும் ரோடோனைட் கல்லும் ஏறக்குறைய ஒரே எடை. பிரிக்கவே முடியவில்லை. அதனால் துத்தநாகத்தைக் கழிவோடு கொட்டினார்கள். லட்சக்கணக்கான டன்! 1902 வாக்கில் சார்லஸ் பாட்டர் என்பவரும், பி.எச்.பி. மேலாளர் டெல்பிராட்டும் தனித்தனியாக ஒரு வழி கண்டார்கள். சூடான அமிலக் கரைசலில் தாதுப் பொடியைப் போட்டால் வாயுக் குமிழிகள் எழும்பும். அவை சல்ஃபைடு துகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவரும், கல் அடியில் தங்கிவிடும். பாட்டரின் தொழில் பீர் காய்ச்சுவது. குமிழியைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன!

பிளஸ் டூ பாடத்தில் நாம் படம் வரைந்து மார்க் வாங்கிய நுரை மிதப்பு முறை வளர்ந்து பெரிதான ஊர்களில் முக்கியமானது இது. குப்பை மேடு சொத்தாக மாறிய இடம். இதைத் தெரிந்துகொண்டதும், ஒரு என்ஜினீயராக எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

அடுத்து பஸ்ஸில் ஊர் நடுவே இருக்கும் சுரங்க மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். உச்சியில் துருப்பிடித்த இரும்பால் ஒரு நினைவிடம், 2001-ல் திறந்தது. உள்ளே நுழைந்தால் இருபுறமும் பெயர்கள். சுரங்கத்தில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு பெயரோடும் எப்படி இறந்தார் என்று ஒரே ஒரு வரி. பாறை சரிந்தது. குழியில் விழுந்தார். ஈய விஷம். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன், டிரைவர் ஹாரன் அடிக்கும் வரை படித்துக்கொண்டிருந்தேன்.

துளையிடும்போது வரும் தூசி நுரையீரலை அடைத்துக் கொன்றவர்கள் தனி. 1919-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏறக்குறைய 18 மாதம். வருமானமில்லாமல் பாலைவனத்தில் 18 மாதம் குடும்பம் நடத்துவதை நினைத்துப் பாருங்க. 1920-ல் நிலத்தடி வேலைக்கு வாரம் 35 மணி நேரம் என்று வாங்கினார்கள். தூசி நோய்க்கு நஷ்டஈடும் வாங்கினார்கள். இன்று ஐ.டி. கம்பெனியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கே 35 மணி நேரம் கிடையாது!

கழிவு மேட்டுத் தூசி அதோடு நிற்கவில்லை. ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று 1991 முதல் பரிசோதித்து வருகிறார்கள். நாம் பரீட்சையில் எழுதிய விடையில் அமிலம், குமிழி, எண்ணெய் எல்லாம் இருந்தது. இது இல்லை. நம் பேராசிரியர்களைக் குறை சொல்லவில்லை. புத்தகத்திலேயே இல்லை.

ஒரு மனிதரைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஆல்பர்ட் மோரிஸ், அங்கே ஒரு சுரங்கத்தில் தாது பரிசோதகர். செடி வளர்ப்பதில் பித்து. விறகுக்கு மரமெல்லாம் வெட்டியாகிவிட்டதால் மணல் பறந்து வேலிகளையே மூடிய காலம் அது. ஆடு, முயல் நுழையாமல் நிலத்தைச் சுற்றி வேலி போட்டால் போதும், அந்த மண்ணின் செடி தானே முளைக்கும் என்றார் அவர். 1936-ல் வேலி போட்டார்கள். முளைத்தது. 1939-ல் அவர் காலமானார். ரயில் கிளம்பியபோது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடியது அந்தப் பச்சையைத்தான்.

அதற்குப் பிறகு நல்லார்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் வளைவே இல்லாத தண்டவாளம் வருகிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். போட்டோக்கள் கொண்டுவந்திருக்கிறேன், பந்தியில் காட்டுகிறேன்.