மொட்டை மாடியில் ஒரு கம்பி
(நமது குடியிருப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் மொட்டை மாடியில் நான் கட்டியிருந்த கம்பியைத் துணி காயப்போடும் கொடி என்று நினைத்து யாரோ அவிழ்த்துவிட்டார்கள். கோபமில்லை. ஆனால் அது எதற்காக என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அது நம் பிள்ளைகள் செய்துவரும் கிரிஸ்டல் ரேடியோவுக்கான ஏரியல். அந்த ரேடியோவுக்கு பேட்டரி கிடையாது, பிளக்கும் கிடையாது. ஏரியலில் வந்து விழும் அலையின் சக்தியே ஹெட்ஃபோனைப் பேச வைக்கிறது. அட்டைக் குழாயில் சுற்றிய எனாமல் செம்புக் கம்பி, நிலையத்தைப் பிரித்தெடுக்க ஒரு கண்டென்சர், ஒரு டையோடு, ஒரு எர்த் இணைப்பு. அவ்வளவுதான்.

டையோடு வருவதற்கு முன் அந்த இடத்தில் கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டு இருந்தது. அதன் மேல் மெல்லிய கம்பி முனையை மெதுவாக நகர்த்தி, சத்தம் கேட்கும் புள்ளியைத் தேட வேண்டும். அந்தக் கம்பிக்குப் 'பூனை மீசை' என்று பெயர். கலீனாவால் மின்னலைகளை உணரலாம் என்று 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ்.

சென்னைக்கு ரேடியோ வந்ததும் ஆர்வலர்களால்தான். 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். இன்று நம் வீட்டு ஃபேன் அதைவிட அதிகம் இழுக்கிறது! பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றுபோனது. ஆனால் அவர்கள் கருவி வீணாகவில்லை. மாநகராட்சி அதை வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. மெரினா போன்ற இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது.

இந்தப் பொழுதுபோக்கு ஆபத்துக்கும் உதவும். 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அங்கே தற்செயலாகப் போயிருந்த ஹாம் ரேடியோக்காரர்கள்தான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி அந்த உரிமம் பெறலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கான்கிரீட் சுவருக்குள் அலை சரியாக வராது. அதனால்தான் மாடியைக் கேட்கிறோம். தளத்தில் துளை போட மாட்டோம், வாட்டர் புரூஃபிங்கைத் தொட மாட்டோம். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து எதிர்முனைக் கம்பம் வரை ஒரே கம்பி, தலைக்கு மேல் உயரத்தில், மின்கம்பிகளிடமிருந்து நன்றாக விலகி இருக்கும். அதில் கரண்ட் எதுவும் பாய்ச்சப்படாது. இடி மின்னல் காலத்துக்கு முன்பே கழற்றிவிடுவோம். அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாட்டில் பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அவை நின்றுவிட்டால் இந்த ரேடியோவில் கேட்க ஒன்றும் இருக்காது. நம் பிள்ளைகள், தாங்களே சுற்றிய கம்பியில் ஒரு குரல் வருவதை ஒருமுறையாவது கேட்கட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தயவுசெய்து சம்மதம் சொல்லுங்கள்.