அத்தை ஏன் ஸ்கேன் பண்ணல?

போன மாசம் வத்தலக்குண்டு போயிருந்தேன். என் அத்தை அங்க பக்கத்துல ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். 2018-ல் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் மாறினப்போ உள்ள கியூஆர் கோடு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? போனில் ஸ்கேன் பண்ணினா பாடத்துக்கான வீடியோ வரும். "அதைப் பயன்படுத்துறீங்களா அத்தை?"ன்னு கேட்டேன். "இல்லப்பா"ன்னு முடிச்சிட்டாங்க.

நான் மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டேன்: வயசாயிடுச்சு, டெக்னாலஜின்னா பயம்.

அவசரத் தீர்ப்பு அது. 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு புதுக் கருவியை நாம ஏத்துக்குறதை ரெண்டு கேள்விகள் தீர்மானிக்குதுன்னு சொன்னார். இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துறது சுலபமா? அவர் ஆய்வில் முதல் கேள்விக்குத்தான் வலு அதிகம். 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்ட நாலு பேர் இதை விரிவாக்கினாங்க. சுத்தி இருக்கிறவங்க என்ன நினைக்கிறாங்க, பயன்படுத்தத் தேவையான வசதி இருக்கா என்பதும் சேர்ந்துச்சு.

சரி, அத்தைகிட்டயே காரணம் கேட்டேன். "வீட்டுல போய்ப் பாருன்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்கு ஒரு போன். அது விடியறதுக்குள்ள மல்லிகைப்பூவோட நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிடுது. சாயங்காலம் கைக்கு வந்தா டேட்டா தீர்ந்திருக்கு."

அப்புறம் தன் போனை எடுத்துக் காட்டினாங்க. உள்ள முழுக்க வாய்ஸ் ரெக்கார்டிங். ஆறாம் வகுப்பில் ஒரு பொண்ணு. 'பழம்' அவ வாயில் 'பளம்' ஆயிடும். பசங்க சிரிச்சாங்க. அவ வாய்விட்டுப் படிக்கிறதையே விட்டுட்டா. அத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளைத் தனியா உட்கார வச்சு, ரெண்டு வரி படிக்கச் சொல்லிப் பதிவு பண்ணுவாங்க. அதைப் போட்டுக் காட்டுவாங்க. அடுத்து அதே வரியைத் தன் குரலில் படிச்சுக் காட்டுவாங்க. வித்தியாசத்தை அவதான் கண்டுபிடிக்கணும்.

முதல் பதிவு ஏழு விநாடி. குரலே கேட்கல. கடைசிப் பதிவில் ஒரு பத்தி முழுசா இருக்கு. ழகரம் இன்னும் சில இடத்தில் வழுக்குது, ஆனா அவ நிறுத்தாம படிக்கிறா.

"வீடியோ பேசும், பிள்ளை கேட்கும். எனக்குப் பிள்ளை பேசணும்ப்பா"ன்னாங்க அத்தை.

பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு ஆப் வந்தா 'டிரெயினிங் குடுத்தாச்சா?'ன்னு கேட்போம். அது டேவிஸோட ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில். 'உங்க வகுப்பில் எந்தப் பிள்ளை எங்க சிக்கி நிக்குது?'ன்னு டீச்சர்கிட்ட முதல்ல கேட்டிருக்கணும். நானே அத்தைகிட்ட அதைக் கேட்கல.

அந்தக் கடைசிப் பதிவை இங்க போடலாமான்னு கேட்டேன். "அவகிட்டயும் அவ அம்மாகிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்"னாங்க. சரின்னா, அடுத்த எபிசோடில் அவ குரலை நீங்க கேட்கலாம்.